அப்பாவாகப் போகிறவருக்கும் மசக்கை வருமா? உடல், மனம், விடுப்பு... மூன்றிலும் நடப்பது என்ன?

கர்ப்பம் உறுதியானதும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் பெண் மீது திரும்பும். "சாப்பிட்டாளா, வாந்தி நின்னுச்சா, ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?" என்று நாளுக்குப் பத்து போன் வரும். அது நியாயம்தான். சுமப்பவர் அவர், வலியும் ஆபத்தும் அவருக்குத்தான். ஆனால், அதே வீட்டில் இன்னொருவரும் மாறிக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும், "டெலிவரி செலவுக்குப் பணம் ரெடியா?" என்பதோடு முடிந்துவிடும்.

அப்பாவாகப் போகிற ஆணின் உடலும் மனமும் கர்ப்ப காலத்தில் மாறுகின்றன என்பதை மருத்துவ ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அவர் உடனிருந்தால் தாயின் உடல்நலம் மேம்படுகிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்தியாவில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஓர் ஆணுக்குக் குழந்தை பிறந்தால், ஒருநாள்கூட விடுப்பு தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஏன் இந்த இடைவெளி? விரிவாகப் பார்ப்போம்.

மனைவிக்கு மசக்கை, கணவருக்கு ஏன் வாந்தி?

மனைவிக்கு மூன்றாம் மாதம். காலையில் கணவருக்கும் குமட்டுகிறது. பல் வலிக்கிறது, வயிறு உப்புசமாக இருக்கிறது, தூக்கம் வருவதில்லை, எடை கூடுகிறது. டாக்டரிடம் போனால் எல்லா டெஸ்ட்டும் நார்மல். நண்பர்களிடம் சொன்னால் கிண்டல் நிச்சயம்.

இதற்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு: கூவாட் சிண்ட்ரோம். 'அடைகாத்தல்' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1965-ல் டிரெத்தோவன், கான்லன் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனில் கர்ப்பிணிகளின் கணவர்களையும் மற்ற ஆண்களையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தனர். பசியின்மை, பல்வலி, குமட்டல் போன்ற தொல்லைகள் முதல் பிரிவினரிடம் கூடுதலாகத் தெரிந்தன. அதன் பிறகுதான் இந்தப் பெயர் மருத்துவ இதழ்களில் நிலைத்தது.

இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தை ஒட்டித் தொடங்கும். நடுவில் தணியும். கடைசி மூன்று மாதங்களில் மறுபடி தலைகாட்டி, குழந்தை பிறந்ததும் போய்விடும். நோய்களை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியல்களில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. எத்தனை சதவீத ஆண்களுக்கு வருகிறது என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு பெரிய வேறுபாடு உண்டு. எந்தெந்த அறிகுறிகளைக் கணக்கில் சேர்க்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறிவிடும்.

இது மனிதர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. மார்மோசெட், டாமரின் வகைக் குரங்குகளில் குட்டிகளைத் தூக்கிச் சுமக்கும் வேலையில் பெரும்பங்கு ஆண் குரங்குக்கு. இணை கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஆண் குரங்குகளின் எடை கூடுவதை 2006-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. வரப்போகும் சுமைக்கு உடல் முன்கூட்டியே தயாராகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம்.

ஹார்மோன் வரை போகிறதா மாற்றம்?

போகிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் தம்பதிகளின் ரத்த மாதிரிகளைப் பரிசோதித்து 2000-ம் ஆண்டு ஒரு ஆய்வு வெளியானது. பிரசவத்துக்கு முந்தைய நாட்களில் ஆண்களுக்கு புரோலாக்டின், கார்டிசால் ஹார்மோன்களின் அளவு கூடியிருந்தது. குழந்தை பிறந்த உடனே டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. புரோலாக்டின் என்பது பெண்ணுக்குத் தாய்ப்பால் சுரக்கக் காரணமான அதே ஹார்மோன்தான்.

இதைவிடப் பெரிய ஆதாரம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. செபு நகரப் பகுதியில் 624 இளைஞர்களை 2005-லும் 2009-லும் பரிசோதித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கணிசமாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்துக்கொண்ட அப்பாக்களுக்கு அளவு இன்னும் குறைவு.

"அப்போ ஆண்மை குறையுதா?" என்று பதற வேண்டியதில்லை. ஜோடி தேடும் போட்டியிலிருந்து பராமரிப்பின் பக்கம் உடல் திரும்புகிறது என்றுதான் ஆய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது அந்த 'மூன்று மணி நேரம்'. அப்பாவாக மாறுவதில், ரத்த உறவுக்கு இருப்பதைப் போலவே குழந்தையைக் கையில் எடுத்துச் செலவிடும் நேரத்துக்கும் பங்கு இருக்கிறது. அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதில்தான் சிக்கல்.

மனம் என்ன ஆகிறது?

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றால் அது பெண்களுக்கு மட்டும் வருவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2010-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் பால்சன், பேஸ்மோர் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைக் கேள்விக்குள்ளாக்கியது. 43 ஆய்வுகளை, 28,004 பேரின் தரவுகளை ஒன்றாக அலசியதில், மனைவியின் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதக் கட்டம் தொடங்கி குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரையிலான காலத்தில் சுமார் 10 சதவீத ஆண்களுக்கு மனச்சோர்வு இருந்தது. குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் கட்டத்தில் இது மிக அதிகமாக இருந்தது. வீட்டில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு கூடுவதும் தெரிந்தது.

ஆண்களிடம் இது அழுகையாக வெளிப்படுவது குறைவு. எரிந்து விழுவது, எதிலும் ஒட்டாமல் ஒதுங்குவது, குடி கூடுவது, தேவையே இல்லாமல் ஆபீஸில் இரவு வரை உட்கார்ந்திருப்பது, வீட்டுக்கு வந்ததும் போனுக்குள் தலையை விட்டுக்கொள்வது என்று வேறு வேடத்தில் வரும். அதனால் வீட்டில் உள்ளவர்களுக்கு அது நோயாகத் தெரிவதில்லை. "பொறுப்பே இல்ல" என்ற பெயர்தான் கிடைக்கும்.

விளைவு அவரோடு நிற்பதும் இல்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2005-ல் 'லான்செட்' இதழில் வந்தது. குழந்தை பிறந்த சில வாரங்களில் அப்பா மனச்சோர்வில் இருந்திருந்தால், குழந்தைக்கு மூன்றரை வயது ஆகும்போது நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தன. அம்மாவின் மனநிலையைக் கணக்கிலெடுத்த பிறகும் இந்தத் தொடர்பு நீடித்தது.

தமிழ்நாட்டில் நிலைமை எப்படி?

நம் ஊரில் கர்ப்பிணியின் கணவருக்கு விதிகள் இல்லாமல் இல்லை. முடி வெட்டக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, மலையேறக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது என்று பல குடும்பங்களில் பட்டியலே உண்டு. தென்னிந்தியாவில் சில சமூகங்களில் மனைவிக்குப் பிரசவமானதும் கணவர் படுக்கையில் படுத்துப் பத்தியம் இருக்கும் வழக்கம் இருந்ததை, எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். அப்பாவும் இந்தக் கர்ப்பத்தில் ஒரு பங்குதாரர் என்பதை இந்தச் சமூகம் ஏதோ ஒரு வகையில் உணர்ந்துதான் இருந்தது.

ஆனால், பட்டியலில் இருப்பவை எல்லாம் 'செய்யக் கூடாதவை'. அவர் செய்ய வேண்டியது என்ன என்பதில்தான் வெற்றிடம்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. கை நிறைய வளையல், ஐந்து வகைச் சாதம், போட்டோ. அதன் பிறகு பெண் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நீண்ட வழக்கம். அதில் நல்ல நியாயமும் உண்டு. சொந்த அம்மாவின் கவனிப்பு, மாமியார் வீட்டு வேலைகளிலிருந்து விடுதலை, தயங்காமல் கேட்டுச் சாப்பிடும் உரிமை.

கணவரும் அதே ஊரில், நான்கு தெரு தள்ளி இருந்த காலத்தில் இது பெரிய பிரிவாக இல்லை. இப்போது அவர் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கிறார். அவர் மனைவி திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ. வெள்ளி இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை லாகின் செய்ய வேண்டும். கடைசி இரண்டு, மூன்று மாதமும், குழந்தை பிறந்து இன்னும் சில மாதமும் அவர் வீடியோ காலில் மட்டும் அப்பா. பிலிப்பைன்ஸ் ஆய்வு சொன்ன 'தினமும் மூன்று மணி நேரம்' இங்கே தொடக்கத்திலேயே கை நழுவிவிடுகிறது.

அங்கே போய் இருந்தாலும் அவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். குழந்தையைக் குளிப்பாட்டப் பாட்டி, பத்தியச் சாப்பாட்டுக்கு அம்மா, துணி அலசச் சித்தி. "நீங்க போய் உக்காருங்க மாப்ள" என்று மரியாதையாக வெளியே அனுப்பிவிடுவார்கள். மருந்து வாங்க, பில் கட்ட, கார் பிடிக்க மட்டும் கூப்பிடுவார்கள். அவருக்குக் கற்றுக்கொள்ள விருப்பம் இருந்தாலும் வாய்ப்பு அமைவதில்லை. ஐந்தாம் மாதம் மனைவியும் குழந்தையும் திரும்பி வரும்போது, டயப்பர் மாற்றத் தெரியாத ஒரு அப்பாவிடம்தான் வருகிறார்கள். அதன் பிறகு எல்லா வேலையும் அவர் மனைவி தலையில் விழுகிறது.

இதன் விலையைச் சொல்லும் ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. தமிழகக் கிராமப் பகுதி ஒன்றில் பிரசவித்த பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியான ஆய்வில், சுமார் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு ஏற்பட்டிருந்தது. குறைந்த வருமானம், மகன் வேண்டும் என்று எதிர்பார்த்த நிலையில் மகள் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் உள்ள உரசல் ஆகியவற்றோடு, வேலைகளில் கைகொடுக்க ஆள் இல்லாததும் முக்கியக் காரணமாகப் பதிவானது.

அதோடு, தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதாவது, கிட்டத்தட்டப் பாதித் தாய்மார்கள் வயிற்றில் தையலோடு, எழுந்து உட்காரவே சிரமப்பட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். அந்த வாரங்களில் இன்னொரு ஜோடிக் கை என்பது மிக அவசியமான தேவை.

பிரசவ அறைக்குள் கணவர் போகலாமா?

பிரசவ நேரத்தில் பெண் விரும்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தது. பொதுவாகப் பெண் உறவினர். அந்தரங்கத்துக்கு ஏற்பாடு உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது. தமிழக அரசு மருத்துவமனைகளில் பெண் உறவினர் ஒருவரைத் துணைக்கு அனுமதிக்கும் நடைமுறை அதற்கு முன்பே இருந்தது.

நடைமுறையில் பொது வார்டில் பல பெண்கள் ஒரே நேரத்தில் பிரசவ வலியில் இருக்கும்போது ஓர் ஆணை உள்ளே விடுவது மற்ற பெண்களுக்குச் சங்கடம். அது நியாயமான தயக்கம். ஒவ்வொரு கட்டிலுக்கும் தடுப்பும் திரையும் வைத்தால் தீரக்கூடிய பிரச்சினைதான் இது. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் கணவருக்கு அனுமதி உண்டு. பணம் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வராண்டாவில் என்பதுதான் இன்றைய நிலை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு ஊழியருக்கு வழி இருக்கிறது. 1972-ம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் விடுப்பு விதிகளில் உள்ள 43-ஏ பிரிவின்படி, இரண்டுக்கும் குறைவான குழந்தைகள் உள்ள ஆண் ஊழியருக்கு 15 நாள் சம்பளத்துடன் தந்தைமை விடுப்பு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

தனியார் துறையில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றார்கள். எல்லாம் வரவேற்கத்தக்கவை. அப்பா பற்றி ஒரு வரிகூட இல்லை. அதே ஆண்டு மக்களவை உறுப்பினர் ராஜீவ் சாதவ் தந்தைமை நல மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். மூன்று மாதம் வரை விடுப்பு தர வகைசெய்த அந்த மசோதா சட்டமாகவில்லை. மகப்பேறு நலச் சட்டத்தை உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-ல் நிறைவேறியது. அதிலும் தந்தைமை விடுப்புக்கு இடமில்லை.

2023-ல் இந்தக் கேள்வி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. மனைவியின் பிரசவத்துக்காக விடுப்பு கேட்ட காவல் ஆய்வாளர் ஒருவர், பணிக்குத் திரும்பவில்லை என்று பணியை விட்டு ஓடியவராக அறிவிக்கப்பட்டார். அந்த உத்தரவை நீதிபதி எல். விக்டோரியா கௌரி ரத்து செய்தார். தந்தைமை விடுப்புக்குத் தனிச் சட்டம் தேவை என்பதையும், பெற்றோர் இருவரின் பராமரிப்பும் குழந்தையின் உரிமையோடு தொடர்புடையது என்பதையும் தீர்ப்பில் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு சிக்கிம் அரசு, தன் ஊழியர்களுக்கு 12 மாத மகப்பேறு விடுப்பும் ஒரு மாத தந்தைமை விடுப்பும் அறிவித்தது.

சில நிறுவனங்கள் தாமாகவே தருகின்றன. 2019-ல் சொமேட்டோ தன் ஊழியர்களில் ஆண், பெண் இருவருக்கும் 26 வாரம் என்று அறிவித்தது செய்தியானது. ஆனால், நிறுவனத்தின் மனதைப் பொறுத்துக் கிடைக்கும் சலுகையை நம்பித் திட்டமிட முடியாது. நாளை மேனேஜர் மாறினால், பாலிசியும் மாறலாம்.

கோலிக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கு?

2015 பிப்ரவரியில் மகள் பிறந்தபோது தோனி உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். அது தியாகமாகப் பார்க்கப்பட்டது. 2020 டிசம்பரில் அடிலெய்ட் டெஸ்ட் முடிந்ததும் கோலி தொடரின் பாதியில் ஊர் திரும்பினார். "நாட்டுக்கு விளையாடறதை விட்டுட்டுப் போறாரு" என்று ஒரு பக்கம், "சரியான முடிவு" என்று மறுபக்கம், சமூக வலைதளங்களில் பெரிய சண்டையே நடந்தது. 2024 நவம்பரில் இரண்டாவது குழந்தைக்காக ரோஹித் சர்மா பெர்த் டெஸ்டில் ஆடாதபோது அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்கியிருந்தது. பத்தாண்டுக்குள் பார்வை மாறியிருக்கிறது.

ஆனால், அவர்களுக்குச் சம்பளப் பிடித்தம் பற்றிய கவலை இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரச் சம்பளத்துக்குத் தைப்பவருக்கும், உணவு டெலிவரி செய்பவருக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று வருமானம் இல்லை. பிரசவச் செலவு வரும் நேரத்தில்தான் வருமானமும் நிற்கும். அதனால் பணம் அதிகம் தேவைப்படும் வாரத்தில், அப்பா அதிகமாக வேலைக்குப் போகிறார். வீட்டில் குறைவாக இருக்கிறார்.

மற்ற நாடுகளில்?

- ஸ்வீடன்: 1974-லேயே தாய்க்கு மட்டுமான விடுப்பைப் பெற்றோர் விடுப்பாக மாற்றியது. இன்று ஒரு குழந்தைக்கு 480 நாள். இதில் இருவருக்கும் தலா 90 நாள் ஒதுக்கீடு. ஒருவர் எடுக்காவிட்டால் மற்றவருக்கு மாற்ற முடியாது.
- சிங்கப்பூர்: 2025 ஏப்ரல் 1 முதல், பிறக்கும் குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்தால் அப்பாவுக்கு 4 வாரம். உச்சவரம்புக்கு உட்பட்டு அரசே சம்பளத்தை ஈடுகட்டுகிறது.
- தென்கொரியா: 2025-ல் கணவருக்கான பிரசவ கால விடுப்பை 10 நாளிலிருந்து 20 நாளாக்கியது.
- ஜப்பான்: சட்டத்தில் தாராளமான விடுப்பு இருந்தும், 2012-ல் எடுத்த ஆண்கள் 2 சதவீதம்கூட இல்லை. நிறுவனங்கள் ஊழியரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் புதிய விதிகளும் 2022-ல் வந்தன. 2023 நிதியாண்டில் அது 30 சதவீதத்தைத் தொட்டது.

ஜப்பான் சொல்லும் பாடம் முக்கியமானது. காகிதத்தில் விடுப்பு இருந்தால் போதாது. "அவன் லீவு எடுத்தா பிரமோஷன் போயிடும்" என்ற பயம் இருக்கும்வரை யாரும் எடுக்கப்போவதில்லை.

லீவு கொடுத்தால் உண்மையிலேயே பயன் உண்டா?

"வீட்ல உக்காந்து மேட்ச் பாப்பாங்க, அவ்வளவுதான்" என்ற கேலி எப்போதும் உண்டு. இதற்கு ஸ்வீடனில் பதில் கிடைத்தது. 2012-ல் அங்கு விதியை மாற்றி, தாய் விடுப்பில் இருக்கும்போதே தந்தையும் 30 நாள் வரை, தேவைப்படும் நாட்களாகப் பார்த்து எடுக்கலாம் என்றார்கள். பெர்சன், ராஸின்-ஸ்லேட்டர் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பிரசவித்த தாய்மார்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டனர். முதல் ஆறு மாதத்தில் தாய்மார்களுக்குப் பதற்றத்துக்கான மருந்துச் சீட்டுகள் 26 சதவீதமும், பிரசவம் தொடர்பான சிக்கல்களுக்காக மருத்துவமனையை நாடுவது 14 சதவீதமும் குறைந்தன.

அந்த அப்பாக்கள் எடுத்த கூடுதல் நாட்கள் அதிகமில்லை. தாய்க்கு முடியாமல் போன அந்தக் குறிப்பிட்ட நாளில் வீட்டில் இருந்தார்கள் என்பதுதான் பலன் தந்தது. குறித்த தேதியில் பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று போலத்தான். எனவே எத்தனை நாள் என்பதைப் போலவே, எப்போது வேண்டுமானாலும் பிரித்து எடுக்கலாம் என்ற வசதியும் முக்கியம்.

பணம் யார் தருவது?

பெண்ணுக்கான 26 வார விடுப்பின் செலவு, இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராதவர்களுக்கு, முழுக்க நிறுவனத்தின் தலையில் விழுகிறது. "கல்யாணமான பொண்ணை எடுத்தா செலவு" என்று சிறு நிறுவனங்கள் கணக்குப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆணுக்கும் விடுப்பு கட்டாயமானால் இந்தக் கணக்கில் பாதி உடையும். குழந்தை பிறப்பு பெண்ணை மட்டும் 'செலவாக' காட்டாது. ஆனால், அந்தச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்றால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை தாங்காது. அதனால்தான் விடுப்புச் சம்பளத்தைச் சமூகக் காப்பீட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வலியுறுத்துகிறது. இ.எஸ்.ஐ. என்ற அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தந்தைமை விடுப்பை அதில் சேர்ப்பது ஒரு வழி. முறைசாராத் தொழிலாளிக்கு, கர்ப்பிணிகளுக்கு ரூ.18,000 வரை தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் போல, அப்பா வேலைக்குப் போகாத நாட்களுக்கு ஒரு சிறு தொகை என்பது இன்னொரு வழி.

விடுப்பு வரும்வரை என்ன செய்யலாம்?

சட்டம் மாறும்வரை குழந்தை காத்திருக்காது. மகப்பேறு மருத்துவர்களும் மனநல நிபுணர்களும் பொதுவாக வலியுறுத்தும் விஷயங்கள் இவை:

- செக்கப்புக்குக் கூடவே போவது. வாசலில் பைக்கில் உட்கார்ந்திருக்காமல் டாக்டர் அறைக்குள் போக வேண்டும். ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை அளவு மூன்றும் கணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
- ஆபத்து அறிகுறிகளை மனப்பாடம் செய்வது. ரத்தப்போக்கு, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, நீர் கசிவது, குழந்தையின் அசைவு குறைவது, வலிப்பு. இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது, 108.
- பதிவு வேலைகளை எடுத்துக்கொள்வது. கர்ப்பப் பதிவு எண், நிதியுதவி விண்ணப்பம், காப்பீடு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கணவர் செய்யக்கூடியவை.
- வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்துவது. அடுத்தவர் விடும் புகையும் கருவைப் பாதிக்கும்.
- 'என்ன குழந்தை?' என்ற கேள்விக்கு அணை போடுவது. கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறவினர்களின் வாயை அடைக்க வேண்டியது அவர் பொறுப்பு.
- தாய் வீட்டுக்குப் போனபின் 'விருந்தாளி மாப்பிள்ளை'யாக இல்லாமலிருப்பது. வாரத்துக்கு ஒருநாள்தான் போக முடிகிறது என்றாலும், அன்று இரவு குழந்தை அழுதால் தூக்குவது, துணி மாற்றுவது, ஏப்பம் விட வைப்பது அவருடைய வேலையாக இருக்கலாம்.
- தனக்கு முடியவில்லை என்றால் சொல்வது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எரிச்சல், வெறுமை தொடர்ந்தால் உதவி தேட வேண்டும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. இரண்டும் இலவசம்.

இனி என்ன?

ஆணுக்கு வரும் குமட்டலும் பதற்றமும், பெண் சுமக்கும் பத்து மாதத்துக்கு ஈடாகாது. அதைக் காட்டி யாரும் சரிசமம் கேட்கவும் முடியாது. இந்த ஆய்வுகள் சொல்வது வேறு. கர்ப்ப காலத்திலேயே ஆணின் உடல் பராமரிப்புக்குத் தயாராகத் தொடங்குகிறது. ஆனால் ஆபீஸும், மருத்துவமனையும், சில நேரம் குடும்பமுமே அவரை வெளியே நிறுத்திவிடுகின்றன. அதன் சுமை சுற்றிச் சுற்றித் தாயின் மீதுதான் இறங்குகிறது.

சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் மாநிலங்களும் விதிகள் வகுக்கின்றன. மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் அரசு ஊழியர்களுக்கு 12 மாதமாக உயர்த்திய தமிழ்நாடு, அப்பாக்கள் விஷயத்திலும் முன்கையெடுக்க முடியும். அதற்கு முன், ஒவ்வொரு நிறுவனத்திலும் ஹெச்.ஆரிடம் கேட்க ஒரு சாதாரணக் கேள்வி இருக்கிறது: "நம்ம கம்பெனியில தந்தைமை விடுப்பு எத்தனை நாள்? எழுத்துல இருக்கா?" கல்யாணமாகாதவர்களும் கேட்கலாம். கேட்பவர்கள் கூடும்போதுதான் அது பாலிசியில் ஏறும்.